விண்மணிக்குக் கட்டிய தோரணம்

“ஏலாதெண்டால் ஏலாது பிள்ளை! உயிரோடை இருக்கிற மனிசனுக்கு—”

“உயிரோடை இருக்கிறவனுக்கோ உயிர் போனவனுக்கோ எண்டு நான் உங்களைக் கேட்டனானே அண்ணை? மடிச்சுத் தாறியளோ எண்டுதான்—”

“—செத்தவீட்டுத் தோரணம் மடிக்கச் சொல்லி ஒருத்தரும் என்னட்டை வந்து நிண்டதில்லை! செத்தவீடெண்டால் சொல்லாமலே போறவன் நான். இது நாளைக்குக் காரிலை வந்து இறங்கப் போற மனிசனுக்கு—”

“—கேட்டனான். ஏலாதெண்டால் எழும்பிப் போங்கோ. குருத்தோலை என்ரை வளவுத் தென்னையிலை நிக்குது. எனக்குக் கையும் இருக்குது.”

ஆழ்வாப்பிள்ளை எழும்பவில்லை. முற்றத்து வேம்புக்குக் கீழே போட்டிருந்த கதிரையில், சால்வையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டபடி இருந்தார். புளியங்கூடலில் கலியாணமென்றாலும் செத்தவீடென்றாலும் பந்தல் போட்டுத் தோரணம் கட்டுவது அவர்தான். குருத்தோலையைக் கிழித்துக் குருவி மடித்துத் தொங்கவிடுவதில் இரண்டு வகை உண்டு. நல்ல காரியத்துக்கு ஒரு மடிப்பு. செத்தவீட்டுக்கு வேறு மடிப்பு, ஒரு குருவியும் குறையும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஆடும். ஊரோடு இருக்கிறவர்களுக்குக் கண்ணில் பட்டவுடனே தெரிந்துவிடும். ஊரை விட்டுப் போனவர்களுக்குத் தெரியாது. யோகம்மா பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

“யோகம், கோவத்திலை பேசாதை. அந்த வாசலாலை பரமலிங்கம் மட்டுமோ வரப்போறான்? உன்ரை தம்பியும் அதுக்குக் கீழாலைதான் வருவான்.”

“வரட்டும்.”

“உன்ரை கையாலை சோறு தீத்தி வளத்த பொடியன்.”

“ஓம், வளத்தனான். அதாலைதான் வரட்டும் எண்டுறன்.”

குசினி வாசலில் ஒடியல் காயவைக்கப் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்த செல்லாச்சி, கத்தியைக் கீழே வைத்தாள். யோகம்மாவின் புருசனுக்குத் தமக்கை. இந்த வீட்டுச் சண்டைகளில் எந்த இடத்தில் வாய் வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

“எடி மச்சாள், நாங்கள் அவனைக் கல்லாலை எறிஞ்சாலும் கோதாரி, காயம் மாறிப்போம். இது மாறாதடி.”

“மாறக் கூடாதெண்டுதான் கட்டுறன்.”

ஆழ்வாப்பிள்ளை அதற்குமேல் இருக்கவில்லை. படலையைச் சாத்தாமலே போனார். அவருடைய கோபத்துக்கு அது அடையாளம்.

அவர் ஒன்றும் பரமலிங்கத்துக்குச் சார்பான ஆள் இல்லை. கழகம் யார் கழகம் என்பது அவருக்கும் தெரியும். புளியங்கூடல் விண்மணி விளையாட்டுக் கழகம் என்று பேர் வைத்தபோது கோல் கம்பங்களுக்குப் பனஞ்சலாகை தறித்துக் கொடுத்தவரே அவர்தான். ஊருக்குப் பின்னால் ஆடுமாடு மேய்கிற தரவைதான் மைதானம். சோளகம் வீசுகிற மாதங்களில் பந்து ஒரு பக்கமாகவே ஓடும். பொடியங்கள் வெறுங்காலோடு அடித்தார்கள். சப்பாத்தும் சட்டையும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ஊரில் எந்தப் பெண்ணும் தன் உலைப் பானையைக் காட்டுவாள். மத்தியானம் உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துப் புறம்பாக ஒரு முட்டிக்குள் போட்டுவைப்பார்கள். கோயிலுக்குப் போட்டுவந்த பிடியரிசியைத்தான் விண்மணிக்கென்று மாற்றினாள் யோகம்மா. வெள்ளிக்கிழமைகளில் கடகத்தோடு வீடு வீடாகப் போய் அவளே சேர்ப்பாள்.

“பொடியளின்ரை பந்துக்கோ, பிள்ளையாற்றை பொங்கலுக்கோ?” என்று அப்போது யாரோ நையாண்டி பண்ணியதுக்கு அவள் சொன்ன மறுமொழி ஊரில் நெடுங்காலம் நின்றது. “பிள்ளையாருக்குப் பானை வண்டி இருக்குது. எங்கடை பொடியளுக்குத்தான் வயிறு ஒட்டிக் கிடக்குது.”

அந்த ஒட்டிய வயிறுகளில் ஒன்று அவளுடைய தம்பி சிவபாதம். தாய் போன பிறகு அவனுக்கு எல்லாம் அவள்தான். இடக்காலால் அவன் அடிக்கிற அடியைப் பார்க்க வேலணையிலிருந்தும் புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வருவார்கள்.

பரமலிங்கம் வந்தது அதற்குப் பிறகு. மீசை முளைக்காத வயதிலேயே கொழும்பில் மாமனின் கடையில் நிற்கப் போனவர். முதலாளியாகித்தான் ஊர்ப்பக்கம் தலை காட்டினார். வந்ததும் கழகத்துக்குத் தலைவரானார். பந்தடிக்கிறவர்களுக்கு மாதச் சம்பளம் என்றார். ஊர் வாயைப் பிளந்தது.

“பந்தடிக்கச் சம்பளமோ? அப்ப கிட்டி அடிச்சால் பென்சனோ?” என்று செல்லாச்சி கேட்டாள்.

சம்பளம் வந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேர், மலைநாட்டிலிருந்து ஒருவன், யாழ்ப்பாணத்துப் பொடியங்கள் சிலர் என்று புது ஆட்களும் வந்தார்கள். பிறகு, மதில் கட்டி வாசல் வைத்த மைதானம் டவுனில் இருக்கும்போது மாட்டுச் சாணத்துக்குள் ஏன் நிற்க வேண்டுமென்று கழகத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். ஊர் அதற்கும் சரியென்றது. பிள்ளை படிக்க டவுனுக்குப் போனால் பிள்ளை இல்லையென்று ஆகிவிடுமோ?

அந்த முதல் பெரிய இறுதியாட்டத்துக்கு ஊர்ப் பெண்கள் ஒரு பஸ் பிடித்துப் போனார்கள். பதினொரு பேருக்கும் சோறு கட்டிக்கொண்டு போனாள் யோகம்மா. கத்தரிக்காய்ப் பொரியல், கணவாய்க் கறி. தீவுப் பக்கத்து ஆட்களென்றால் டவுன் சனத்துக்கு இளக்காரம். இரண்டு பக்கமும் நின்று கத்தியது.

“தீவார்! தீவார்! கடலைக் கண்டால் பந்தை விட்டிட்டு வலையை எடுப்பாங்கள்!”

இடைவேளையில் பரமலிங்கம் மைக்கைக் கையில் எடுத்தார். யோகம்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குடுப்பார் இப்ப நல்லா, என்று பக்கத்தில் நின்றவளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“பெரியோர்களே! தீவார் தீவார் எண்டு கத்திறியள். இது தீவாற்றை கழகம் இல்லை. இது யாழ் நகர் விண்மணி. உங்கடை கழகம். புளியங்கூடல் எண்டது செத்த ஊர். செத்த ஊருக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது!”

டவுன் சனம் கை தட்டியது. அவருக்குப் பக்கத்தில் கப்டன் சிவபாதம் நின்றான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தமக்கை நிற்பதை அவன் கண்டான். கண்டவன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினான். நாடா அவிழ்ந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தில் பஸ்ஸை மறிக்கச் சொல்லி, சோற்றுப் பொதிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கடலில் கொட்டினாள் யோகம்மா.

“சோத்தைக் கொட்டுறியோடி, பாவமடி!”

“மீன் தின்னட்டும் மச்சாள். மீன் தின்னுற நேரத்துக்கு வாயைத் திறக்கும்.”

பரமலிங்கத்தின் மேல் ஊருக்கு வந்த கோபம் வெளிக்கோபம். கள்ளுக்கொட்டிலில் பேசி ஆற்றிக்கொள்ளக் கூடியது. யோகம்மாவுடையது அப்படியில்லை. அவளுக்குள் இரண்டு கோபம் இருந்தது. ஒன்றை எல்லாருக்கும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. சிவபாதம் இரண்டு தரம் ஆள் விட்டான், ஒரு தீபாவளிக்குச் சீலை அனுப்பினான். சீலை வந்த பார்சல் பிரியாமலே திரும்பிப் போனது.

இப்போது, இரண்டு வருசம் கழித்து, விண்மணி ஊருக்குத் திரும்பி வருகிறதாம். டவுன் சனத்துக்கு விண்மணி கடைசிவரைக்கும் பிறத்தியார் கழகமாகவே இருந்தது. வென்றால் விசிலடித்தார்கள், தோற்றால் ‘தீவார்’ என்றார்கள், பிறகு வராமலே விட்டார்கள். மதில் கட்டிய மைதானத்தை டவுனிலேயே பிறந்த இன்னொரு கழகத்துக்குக் கொடுத்தார்கள். நிற்க நிலமில்லாதபோது பரமலிங்கத்துக்குத் தரவை ஞாபகம் வந்தது. பச்சையும் சிவப்புமாக நோட்டீஸ் அடித்து ஊர்காவற்றுறை வரைக்கும் ஒட்டினார். ‘தாய்மண் திரும்பும் விண்மணி! நெடுந்தீவு அணியுடன் மோதல்! அனைவரும் வருக!’

நோட்டீஸ் ஒட்டிய கையோடு, வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக யோகம்மாவின் படலையில் வந்து நின்றார்.

“யோகம்மா, எப்பிடிப் பாடு? நீர் ஒரு உதவி செய்ய வேணும். வரவேற்பைப் பெண்டுகள் செய்தால்தான் வடிவு. நிலத்துக்கு வெள்ளை விரிப்பு, வாசலுக்குத் தோரணம், நிறைகுடம். நீர்தான் முன்னுக்கு நிக்க வேணும். பேப்பர்க்காரனும் படம் பிடிக்க வாறான்.”

“ஊர் செத்துப் போச்சுதெண்டு கேள்விப்பட்டன்.”

“ஆர் சொன்னது?” பரமலிங்கம் சிரித்தார். நடிப்பில்லாத சிரிப்பு. “ஆரோ எரிச்சல் பிடிச்சவங்கள் சொல்லுவாங்கள். அதுகளைக் காதிலை போடாதையும்.”

அந்த இடத்தில்தான் எல்லாம் தீர்மானமானது. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் யோகம்மா என்ன செய்திருப்பாள் என்று சொல்ல முடியாது. மழுப்பியிருந்தால்கூட, திட்டி அனுப்பிவிட்டு ஆறியிருப்பாள். அவருக்கு ஞாபகமே இல்லை. தரையில் துப்பியவன் துப்பின இடத்தை மறக்கிற மாதிரி மறந்திருந்தார்.

“செய்யிறம்,” என்றாள். “எந்த வாசலுக்கு எது கட்ட வேணுமோ, முறைப்படி செய்யிறம்.”

“அதுதான் நம்மடை யோகம்மா! சிவபாதமும் உம்மைப் பாக்க ஆசையாய் இருக்கிறான்.”

“ஓம், நானும் அவனைப் பாக்கத்தான் வேணும்.”

அப்படித்தான் ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டதும், அவர் படலை சாத்தாமல் போனதும்.

அன்று பின்னேரம் செல்லாச்சியின் வளவில் நாலைந்து பெண்கள் குருத்தோலையைச் சுற்றி இருந்தார்கள். மடிப்பு ஒருத்திக்கும் சரியாக வரவில்லை.

“இது கொக்கோடி, குருவியோ?”

“உன்ரை மூஞ்சைக்கு இதே காணும்.”

“எடியே, சிரிச்சுச் சிரிச்சு மடிக்கிற சாமானே இது?”

“சாகப்போறது நாங்கள் இல்லையே, சிரிச்சால் என்ன?”

யோகம்மா சிரிக்கவில்லை. ஓலை கீறி அவளுடைய பெருவிரலில் இரத்தம் கசிந்தது. துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

செல்லாச்சி மெல்லக் கேட்டாள். “மச்சாள், சிவபாதத்துக்கு இது தெரியுமெல்லே? சின்னனிலை ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்குப் பின்னாலை குருத்தோலை தூக்கிக்கொண்டு திரிஞ்சவன்.”

“தெரியும்.”

“அவன் வாசலிலை நிண்டு பரமலிங்கத்துக்குச் சொல்லிப்போட்டானெண்டால்?”

“சொல்லட்டும். அப்பவாவது அவனுக்கு வாய் இருக்கெண்டு காணலாம்.”

மறுநாள் வெயில் ஏற முன்னரே தரவை வாசலில் வளைவு நின்றது. இரண்டு பக்கமும் கமுகு, மேலே சிவப்பும் பச்சையுமாகச் சோடனைக் கடதாசி, அதற்குக் கீழே வரிசையாகத் தோரணம். சோளகத்தில் சரசரத்தது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு முதலில் வந்தவர் யோகம்மாவின் புருசன் நாகமுத்து. அண்ணாந்து பார்த்தார்.

“உதென்ன?”

“தோரணம்.”

“ஓம்,” என்று சொல்லிவிட்டு மாட்டை வேறு பக்கத்தால் ஓட்டிக்கொண்டு போனார். முப்பது சொல் பேச வேண்டிய இடத்தில் ஒன்றைப் பேசுகிற மனிதர். அந்த ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு ஒருவர் பின் ஒருவராக ஆம்பிளைகள் வந்தார்கள். வாசிகசாலைக்காரர், சங்கக்கடை மனேச்சர், கள்ளுக்கொட்டிலால் வருகிறவர்கள். ஒவ்வொருவரும் வாசலில் வந்து நின்று, மேலே பார்த்து, யோகம்மாவைப் பார்த்து, தொண்டையைச் செருமிவிட்டு விலகிப்போனார்கள். ஒருவரும் ‘கழட்டு’ என்று சொல்லவில்லை. ஒருவரும் அதற்குக் கீழால் போகவுமில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வேலியில் ஒரு கடப்பு வெட்டப்பட்டிருந்தது. யார் வெட்டியதென்று யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க அந்தக் கடப்பால் நுழைந்து உள்ளே போனது.

கடைசியாக ஆழ்வாப்பிள்ளை ஏணியோடு வந்தார். பெண்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

“அண்ணை, கையை வையாதையுங்கோ!” என்றாள் யோகம்மா.

அவர் ஏணியைச் சாத்தி ஏறினார். தொங்கியதில் மூன்றை அறுத்துக் கீழே போட்டார். மடியிலிருந்து தான் மடித்துக்கொண்டு வந்த மூன்றை எடுத்து அந்த இடத்தில் கட்டினார். இறங்கி, கையைத் தட்டினார்.

“பிழையாய் மடிச்சு வைச்சிருக்கிறியள். செய்யிறதெண்டால் வடிவாய்ச் செய்ய வேணும்.”

நெடுந்தீவுப் பொடியங்கள் காலையிலேயே வள்ளமேறி வந்துவிட்டார்கள். அவர்களுடைய கப்டன் மரியதாசன் வாசலைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டான்.

“என்னக்கா இது, ஆற்றையும் சவம் எடுக்கினமோ?”

“இன்னும் வந்து சேரேல்லைத் தம்பி.”

“நாங்களும் இதாலையோ போக வேணும்?”

“ஐயோ, நீங்கள் ஏன்? நீங்கள் நூறு வருசம் இருக்க வேண்டிய பிள்ளையள். அங்காலை கடப்பு வெட்டி இருக்குது, அதாலை வாங்கோ. உள்ளை மோர் கரைச்சு வைச்சிருக்கிறம்.”

மரியதாசன் அவளையும் தோரணத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. தன் பொடியங்களைக் கடப்புப் பக்கம் திருப்பினான். “அண்ணாந்து பாக்காமல் நடவுங்கோடா,” என்று சொல்லிக்கொண்டே போனான்.

வெயில் சாயத் தொடங்கியபோது பரமலிங்கத்தின் கார் வந்தது. பின்னால் விண்மணியின் வான். வாசலின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. சத்தமில்லை. பரமலிங்கம் இறங்கி, கைகூப்பி, அந்த அமைதியைப் பணிவென்று எடுத்துக்கொண்டார். நிறைகுடத்தைக் கண்டார், வெள்ளையைக் கண்டார், தோரணத்தைக் கண்டார். முகம் மலர்ந்தது.

“பாருங்கோ! பாருங்கோ இந்த வேலையை! டவுனிலை காசு குடுத்தாலும் இப்பிடிக் குருத்தோலை வேலை செய்ய ஆள் எடுக்கேலாது. இதுதான் எங்கடை ஊர்! தம்பி, இஞ்சை வாரும், இதுக்குக் கீழை வைச்சு ஒரு படம் எடும். தோரணமும் விழ வேணும், கண்டியோ?”

பேப்பர்க்காரன் கொழும்பிலிருந்து புதிதாக வந்த பொடியன். முழங்காலில் நின்று எடுத்தான். பரமலிங்கம் தோளில் சால்வையை இழுத்துவிட்டு, சரியாக நடுவில் நின்று சிரித்தார். நாளைக்குப் பேப்பரில் அது வரும். பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் தேத்தண்ணிக் கடைகளில் சனம் அதை விரித்துவைத்துப் பார்க்கும். யோகம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். பின்னால் செல்லாச்சி சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

இப்போது அணியில் ஊர்ப் பொடியனென்று மிஞ்சியது சிவபாதம் மட்டும்தான். மற்றப் பொடியங்கள் வானிலிருந்து குதித்து, ஒருவரோடொருவர் பகிடி விட்டுக்கொண்டு வாசலுக்குள் ஓடினார்கள். தோரணத்தை யார் அண்ணாந்து பார்க்கிறது? கடைசியாக இறங்கியவன் சிவபாதம். வானின் கதவில் கை வைத்தபடி நின்றான். மேலே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான் என்றில்லை. தெரிந்தவனுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு பக்கத்தில் கடப்பைப் பார்த்தான், ஊர் எல்லாம் கடப்புக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்தான். கடைசியில் தமக்கையைப் பார்த்தான்.

யோகம்மா கண்ணை எடுக்கவில்லை. சொல்லன், என்று மனதுக்குள் சொன்னாள். சொல்லு, அல்லது கடப்பால் வா. இரண்டில் ஒன்றைச் செய்.

முன்னால் பரமலிங்கம் திரும்பிக் கூப்பிட்டார். “கப்டன், என்ன அங்கை பிரமை பிடிச்சு நிக்கிறீர்? வாரும்!”

சிவபாதம் குனியவில்லை. நேராக நடந்து, தோரணத்துக்குக் கீழால், நடு வாசலால் உள்ளே போனான்.

ஆட்டம் தொடங்கியது. நெடுந்தீவு முதல் கோல் போட்டபோது தரவை அதிர்ந்தது. புளியங்கூடல் தன் சொந்தக் கழகத்துக்கு ஒரு நாளும் கத்தாத கத்தல் கத்தியது. பெண்கள் மோர்ச் செம்புகளைத் தட்டினார்கள். பரமலிங்கம் வாசலுக்குக் கிட்டப் போட்டிருந்த கதிரையில் நெளிந்தார். பக்கத்தில் அவர் டவுனிலிருந்து கூட்டிவந்த இரண்டு பெரிய மனிதர்கள்.

“விருந்தாளியளுக்கு மரியாதை குடுக்கிற சனம்,” என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு சிவபாதத்திடம் பந்து வந்தது. சோளகத்தை முதுகில் வைத்து, இடக்காலால் ஒரு அடி. கோலுக்குள் நின்ற மரியதாசன் கையை உயர்த்தினான்; பந்து அவன் தலைக்கு மேலால் போய்ப் பனஞ்சலாகைக்கு உள்பக்கமாக விழுந்தது. அந்த அடிக்கு ஒரு காலத்தில் இந்த ஊர் வேட்டியை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றியிருக்கிறது.

ஒரு கை தட்டவில்லை. ஒரு வாய் திறக்கவில்லை. தரவையின் அந்தக் கரையில் நின்ற மாடுகள் புல்லுக் கடிக்கிறது கேட்கும்போல இருந்தது. சிவபாதம் இரண்டு கையையும் பாதி தூக்கி, பிறகு கீழே விட்டான்.

பரமலிங்கம் மட்டும் எழும்பி நின்று கை தட்டினார். தன் கைச் சத்தம் தனக்கே கேட்டதும் நிறுத்தினார்.

“என்ன சனமப்பா இது? கோல் போட்டவன் உங்கடை பொடியன்! உங்களுக்குக் கை இல்லையோ?”

யோகம்மா இரண்டடி முன்னால் வந்தாள்.

“கை இருக்குது பரமலிங்கம் அண்ணை. செத்தவீட்டிலை ஆர் கை தட்டுறது?”

“செத்தவீடோ? ஆர் செத்தது?”

“ஊர். நீங்கள்தானே டவுனிலை மைக் பிடிச்சுச் சொன்னனீங்கள். செத்த ஊர், தொடர்பில்லை எண்டு. தொடர்பில்லாதவர் தேடி வாறாரே, துக்கம் விசாரிக்கத்தானாக்கும் எண்டு வாசலுக்கு முறைப்படி கட்டி விட்டிருக்கிறம். பாருங்கோவன்.”

அவர் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டவுன் பெரிய மனிதர்களில் ஒருவர்தான் முதலில் அண்ணாந்தார். அண்ணாந்தவர் கதிரையை விட்டு எழும்பினார். மற்றவரின் காதில் ஏதோ சொன்னார்.

“விளங்கேல்லையோ?” என்றாள் யோகம்மா. “உங்கடை அம்மா செத்துப் போனபோதும் உந்த மடிப்புத்தான் படலையிலை தொங்கினது. நீங்கள் கண்டிருக்க மாட்டியள். கடையைப் பூட்ட ஏலாதெண்டு தந்தியெல்லே அடிச்சனீங்கள்.”

“நான்தான் கட்டினனான்,” என்றார் கூட்டத்துக்குள் நின்ற ஆழ்வாப்பிள்ளை. “அண்டைக்கும்.”

பரமலிங்கம் திரும்பி இன்னொரு தரம் தோரணத்தைப் பார்த்தார். சந்தனப் பொட்டு வேர்வையில் மூக்குக்கு வழிந்தது. கூட்டத்துக்குள் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். அதோடு தரவை முழுக்கச் சிரித்தது. கோலுக்குக் கேட்க வேண்டிய சத்தம் அப்போதுதான் வந்தது.

“படம்! எங்கையடா அந்தப் படம் எடுத்தவன்?”

“அவன் அப்பவே பஸ் ஏறிப் போட்டான் முதலாளி,” என்றாள் செல்லாச்சி. “உங்கடை படம் நாளைக்கே பேப்பரிலை வர வேணுமெண்டு ஓட்டமாய் ஓடினவன்.”

“ஏறுங்கோடா! எல்லாரும் வானிலை ஏறுங்கோ! இந்த ஊரிலை இனி என்ரை செருப்பும் மிதியாது!”

“இப்ப மட்டும் என்ன, செத்தவீட்டிலை செருப்போடைதானே நிக்கிறியள்?”

அவர் காருக்கு ஓடினார். கடப்பை மறித்துச் சனம் நின்றது; மிஞ்சிய வழி அந்த வாசல்தான். இரண்டாம் முறையும் தோரணத்துக்குக் கீழால்தான் போனார், இந்தமுறை தலையைக் குனிந்து, சால்வையால் மூடி. பொடியங்கள் ஒன்றும் விளங்காமல் பின்னால் ஓடினார்கள். வான் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

மைதான நடுவில் ஒருவன் மட்டும் நின்றான்.

ஊர் மெல்லக் கலைந்தது. யாரும் அவனுக்குக் கிட்டப் போகவில்லை. மரியதாசன் மட்டும் போய்ப் பந்தை அவன் காலடியில் வைத்துவிட்டு வந்தான். யோகம்மா செம்புகளை எண்ணிக் கடகத்துக்குள் வைத்து, தலையில் தூக்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். வழிநெடுகப் பெண்கள் சொன்னதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரண்டு வருசமாக நெஞ்சில் நின்ற எலும்பொன்று இறங்கிவிட்டதுபோலத்தான் இருந்தது. பாதி எலும்பு.

மைமல் இருட்டுக்குள் படலையில் ஆள் நின்றது. விளக்கோடு முற்றத்துக்கு வந்தாள். சிவபாதம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“அக்கா, படலையைத் திறவுங்கோ.”

“வான் போட்டுதே.”

“போட்டுது. நான் போகேல்லை.”

“மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினமோ?”

“நான் ஏறேல்லை அக்கா.” அவன் படலைத் தடியைப் பிடித்தான். “அண்டைக்கு நான் என்னத்தைச் சொல்லியிருக்கலாம்? அந்தாள் என்ரை முதலாளி.”

“எனக்குத் தெரியாது. எனக்கு மைக் தரேல்லை. உனக்குப் பக்கத்திலை இருந்தது.”

“பிழைதான்.”

“இண்டைக்கு அண்ணாந்து பாத்தனி.”

“ஓம்.”

“விளங்கினது?”

“விளங்கினது.”

“விளங்கினவன் அந்தாளுக்கும் சொல்லேல்லை, கடப்பாலையும் வரேல்லை. ஊர் முழுக்கக் கடப்பாலை வந்தது. உன்ரை கண்ணுக்கு முன்னாலை கிடந்தது. ஏன் அதுக்குக் கீழாலை போனனி?”

சிவபாதம் சப்பாத்துகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“கட்டினது நீங்கள். பரமலிங்கத்துக்கெண்டு ஊருக்குச் சொல்லியிருப்பியள். எனக்குத்தான் கட்டினனீங்கள் எண்டு எனக்கு விளங்கினது.”

உள்ளே நாகமுத்து இருமுவது கேட்டது. விளக்குத் திரியைக் காற்று இழுத்தது. யோகம்மா கையால் மறைத்தாள். இந்த ஊரில் ஒருத்திக்கும் அவள் சொல்லாததை அவன் படலைக்கு வெளியில் நின்று சொல்லிவிட்டான். அதற்காக அவனை மன்னிக்கவும் தோன்றவில்லை, இன்னொரு தரம் அடிக்காமல் விடவும் தோன்றவில்லை. படலையின் இந்தப் பக்கம் கொளுக்கியில் கை வைத்தாள்; கழற்றவில்லை.

“செத்தவீட்டுக்கு வந்தவன் கிணத்தடியிலை தலை முழுகிப்போட்டு வீட்டுக்குள்ளை வரலாம், செத்தவன் வரேலாது, நீ எதெண்டு சொல்லு, திறக்கிறன்.”